அப்புச்சியின் புல்லட் பாதி வழியில் நிற்பது ஏன்?

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, பெயரை வெளியிட வேண்டாம் என்ற குறிப்போடு ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். தனியார் பள்ளி ஆசிரியை. அவருடைய அப்புச்சி (அம்மாவின் அப்பா) 1989-இல் வாங்கிய புல்லட் 350 இப்போது அவர் கையில் இருக்கிறது. அப்புச்சி காலமான பிறகு மூன்று ஆண்டுகள் தோட்டத்துச் சாளையில் சாக்குப் போர்த்தி நின்ற வண்டியைப் போன ஆண்டு வெளியே எடுத்துச் சரிசெய்து ஓட்டிக்கொண்டிருக்கிறார். சில மாதங்களாகத் தொல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் இழுவை குறைந்து, இருமி, நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் நிழலில் நிறுத்திவிட்டு உதைத்தால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்புகிறது.

“டேங்கை நிரப்பினால் சீக்கிரமே நிற்கிறது. இரண்டு லிட்டர் போட்டுக்கொண்டு போனால் சத்தி (சத்தியமங்கலம்) வரை போய்த் திரும்பிவிடலாம். அதனால் பங்க்கில் ஊற்றும் புதுப் பெட்ரோலில்தான் குறை என்று பங்க் பங்க்காக மாற்றிப் பார்த்தேன்” என்று எழுதியிருக்கிறார். பள்ளி வாசலில் வெயிலில் நிறுத்தினால், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டுகிறதாம். பட்டறையில் காட்டியதற்கு, கார்புரேட்டரையே மாற்றி, டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பில் இருந்த சல்லடையைக் கழற்றிவிட்டு, ஓஸில் கார் ஃபில்டர் ஒன்றைச் செருகிக் கொடுத்திருக்கிறார்கள். கோளாறு போகவில்லை. ‘அந்த ஃபில்டர் ஒருநாளும் முழுதாக நிரம்புவதில்லை’ என்பது அவருடைய கவலை. எத்தனால் பெட்ரோல் பழைய வண்டிக்கு ஆகாது, விற்றுவிடு என்கிறார் மாமா. மின்சாரப் பெட்ரோல் பம்ப் வைத்துவிடு என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். டேங்கை ஆசிட் ஊற்றிக் கழுவி உள்ளே பூச்சு அடிக்கச் சொல்கிறார் இன்னொருவர். திம்பம் மலைக்கு வண்டியில் போய்வர வேண்டும் என்பதும், ‘விண்டேஜ்’ நம்பர் வாங்க வேண்டும் என்பதும் இவருடைய ஆசைகள்.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், பின்குறிப்பாக ஒரு வரி: “ஆடிப் பதினெட்டுக்குக் கொடிவேரி போயிருந்தபோது யாரோ டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சிவிட்டார்கள். அதிலிருந்து பூட்டுப் போட்ட மூடி வாங்கி மாட்டியிருக்கிறேன்.”

அம்மணி, நான்கு பக்கத்தில் நீங்கள் எழுதியதை எல்லாம் விட அந்தப் பின்குறிப்புதான் முக்கியம். வண்டியைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தைப் போலக் கோளாறைத் தானே காட்டிக்கொடுக்கும் கடிதங்கள் அபூர்வம். கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன்னால் யாராவது அந்த மூடியைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் புல்லட்டில் பெட்ரோலைத் தள்ளுவதற்குப் பம்ப் எதுவும் கிடையாது. டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. பெட்ரோல் தன் எடையில் தானே இறங்குகிறது. இடையில் இருக்கும் உயரம் ஒரு சாணுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். டேங்கிலிருந்து எவ்வளவு பெட்ரோல் வெளியேறுகிறதோ அவ்வளவு காற்று உள்ளே வந்தாக வேண்டும். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் விட்டுவிட்டுக் கொட்டும், எதிர்ப் பக்கம் இன்னொரு ஓட்டை போட்டதும் சீராக ஒழுகும் அல்லவா? டேங்க் மூடியில் இருக்கும் பொடித் துவாரம் அந்த இரண்டாவது ஓட்டை. அது அடைபட்டால் டேங்குக்குள் காற்றழுத்தம் குறைந்துகொண்டே போகும். எவ்வளவு குறைந்தால் பெட்ரோல் நிற்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒரு சாண் உயரப் பெட்ரோல் கொடுக்கும் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தில் நூற்றில் இரண்டு பங்குதான். உள்ளே அந்த இரண்டு பங்கு குறைந்தாலே போதும், கீழே இறங்க வேண்டிய பெட்ரோல் அந்தரத்தில் நின்றுவிடும்.

இப்போது உங்கள் புதிரை அவிழ்க்கலாம். டேங்க் நிறைந்திருக்கும்போது பெட்ரோலுக்கு மேலே காற்றுக்கு இருக்கும் இடம் மிகக் குறைவு. கொஞ்சம் பெட்ரோல் இறங்கினாலே அந்தச் சின்ன இடத்தில் அழுத்தம் விழுந்துவிடும். இரண்டு லிட்டர் மட்டும் இருந்தால் மேலே காற்றுக்குப் பெரிய இடம்; அதே அழுத்தம் குறைய நிறையப் பெட்ரோல் இறங்க வேண்டும், அதற்குள் மூடியின் இடுக்குகள் வழியாகக் கொஞ்சம் காற்றும் கசிந்து வந்துவிடும். அதனால்தான் நிறைந்த டேங்க் சீக்கிரம் நிற்கிறது, காலி டேங்க் சத்தி போய்வருகிறது. பெட்ரோல் புதிதா பழையதா என்பதற்கு இதில் வேலை இல்லை. வண்டியை நிழலில் நிறுத்திய பத்து நிமிடத்தில் காற்று மெல்ல உள்ளே ஊறுகிறது, வண்டி கிளம்புகிறது. நீங்கள் இன்ஜின் ஆறியதால் கிளம்பியது என்று நினைத்திருக்கிறீர்கள்.

வெயிலில் சொட்டுவதும் பெரும்பாலும் இதே மூடியின் வேலைதான். காலையில் பாதி டேங்கோடு வந்து பள்ளி வாசலில் நிற்கும் வண்டியின் டேங்க் நண்பகலில் கொதிக்கும். உள்ளே இருக்கும் ஆவி விரியும். மூடி வழியே வெளியேற முடியாத அழுத்தம் பெட்ரோலைக் கீழே அழுத்தும். கார்புரேட்டருக்குள் பெட்ரோலை நிறுத்தி வைக்கும் ஃப்ளோட் ஊசியால் அந்த அழுத்தத்தைத் தாங்க முடியாது. ஈரோட்டு வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வண்டி நிற்கும்போதெல்லாம் டேப்பை மூடும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள். ஊசி விட்ட பெட்ரோல் கீழே சொட்டினால் தீ ஆபத்து. இன்ஜினுக்குள் இறங்கினால் ஆயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்துவிடும். ஆயில் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலை மாற்றிய பிறகுதான் ஓட்ட வேண்டும்.

முதலில் செலவில்லாத சோதனை

பழைய மூடியை எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதை மாட்டிக்கொண்டு, டேங்கை நிரப்பி, வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டிப் போங்கள். நிற்காவிட்டால் வழக்கு முடிந்தது. பழைய மூடி இல்லையென்றால், அடுத்த முறை வண்டி இருமத் தொடங்கியதும் ஓரமாக நிறுத்தி மூடியை மெதுவாகத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, உடனே வண்டி கிளம்பினால் அதுவும் சாட்சிதான். அருகில் யாரும் பீடி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி நின்றதும் ஆள் கூடிவிடுவது நம் ஊர் வழக்கம்.

பூட்டு மூடிதான் குற்றவாளி என்றால் அதை எறிய வேண்டியதில்லை. கழற்றி, உள்பக்க ரப்பர் வாஷரைப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் மலிவான ரப்பர் உப்பும். உப்பிய வாஷர் துவாரத்தின் மேலேயே படிந்து அடைத்துவிடும். சில போலி மூடிகளில் துவாரமே இருக்காது. ஓஸ் துண்டு ஒன்றை வைத்துச் சைக்கிள் பம்பால் ஊதிப் பாருங்கள். பெட்ரோல் பட்ட இடத்தில் வாயை வைக்காதீர்கள். அடைப்பு இருந்தால் மெல்லிய கம்பியால் எடுக்கலாம். புதிதாக நேர்த்துவாரம் போடச் சொல்லி லேத் பட்டறைக்கு ஓடாதீர்கள்: மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும், நிறைந்த டேங்க்கில் பிரேக் பிடித்தால் பெட்ரோல் வெளியே தெறிக்கும். நல்ல மூடிகளில் அந்த வழி வளைந்து நெளிந்து போவது இதற்காகத்தான். மழைக் காலத்தில் மூடிக்கடியில் பாலித்தீன் தாளை வைத்து இறுக்குகிறவர்களும் உண்டு. அப்படி ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

மூடி சரியாக இருந்தும் நின்றால்

அப்போது பெட்ரோல் வரும் வழியை மேலிருந்து கீழாக, ஒவ்வொரு படியாகப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் மூன்றை மாற்றினால் எது தீர்த்தது என்று யாருக்கும் தெரியாது. உங்கள் பட்டறை செய்தது அதைத்தான்.

அளந்து பார்ப்பதில் தொடங்குங்கள். ஒரு கண்ணாடிக் குப்பியில் மருந்து அளக்கும் மூடியால் 200 மில்லி தண்ணீர் ஊற்றி, மட்டத்தில் பெயின்ட் கோடு போட்டு, தண்ணீரைக் கொட்டிக் காயவையுங்கள். காலை நேரத்தில், திறந்தவெளியில், அடுப்பும் சுவிட்சும் பக்கத்தில் இல்லாத இடத்தில், இன்ஜின் ஆறியிருக்கும்போது கார்புரேட்டர் பக்கத்து ஓஸைக் கழற்றிக் குப்பிக்குள் விட்டு டேப்பைத் திறங்கள். டேங்க் மூடி மூடியிருக்கட்டும். 200 மில்லி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். நிமிடத்துக்கு 150 மில்லிக்குக் குறையாமல் வர வேண்டும் என்பது என் பட்டறையில் வைத்திருக்கும் கணக்கு. வண்டிக்கு உண்மையில் தேவைப்படுவது அதைவிடக் குறைவு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், லிட்டருக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்தால், ஒரு மணி நேரத்துக்கு 2 லிட்டர்; நிமிடத்துக்கு 33 மில்லி. ஏற்றத்தில் முழு ஆக்சிலரேட்டரில் இழுத்தால் இது இன்னும் கூடும். ஆகவே குப்பியில் 150 வந்தால் போதிய கையிருப்பு உண்டு. 40, 50 என்று சொட்டினால் சாலையில் இன்ஜினுக்குப் பட்டினிதான்.

இதே அளவை விடாமல் மூன்று முறை எடுங்கள். முதல் குப்பி வேகமாகவும் அடுத்தது மந்தமாகவும் நிரம்பி, மூடியைத் திறந்ததும் மறுபடி வேகம் பிடித்தால், மறுபேச்சின்றி மூடிதான். முதலிலிருந்தே மந்தம், மூடியைத் திறந்தும் மாற்றமில்லை என்றால் டேப் அல்லது ஓஸ். ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு முறை, ஃபில்டரோடு ஒரு முறை அளந்தால் அதன் குற்றமும் தெரிந்துவிடும்.

மூன்று ஆண்டுகள் பெட்ரோல் தேங்கி நின்ற டேங்கில் டேப் அடைபடுவது இயல்பு. டேப்பின் மேல்முனை டேங்குக்குள் இரண்டு வழியாக நிற்கும்: உயரமான குழாய் சாதாரண ஓட்டத்துக்கு, கீழே இருப்பது ரிசர்வுக்கு. பாதி டேங்க் இருக்கும்போது ரிசர்வில் ஓடி, ‘ஆன்’ நிலையில் நின்றால் உயரக் குழாய் அடைத்திருக்கிறது. எந்நேரமும் ரிசர்விலேயே ஓட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அடியில் படியும் துருவையும் தண்ணீரையும் அது முதலில் உறிஞ்சும். இன்னொன்று: புல்லட் டேங்க் நடுச் சட்டத்தின் மேல் குதிரைச் சேணம்போல இரு பக்கமும் தொங்குகிறது, டேப் இடப் பக்கம். பெட்ரோல் தீரும் தறுவாயில் வலப் பக்கத்தில் கொஞ்சம் சிக்கிக்கொள்ளும். ரிசர்வும் தீர்ந்தால் வண்டியை இடப் பக்கம் நன்றாகச் சாய்த்து நிமிர்த்துங்கள், பங்க் வரை போகப் போதுமானது இந்தப் பக்கம் வந்துவிடும். அப்புச்சிக்கு இது தெரிந்திருக்கும்.

டேப் சல்லடையைக் கழற்றியதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பழைய டேங்குக்கு அந்தச் சல்லடைதான் வாயிற்காவல். அதைத் திரும்பப் போடுங்கள். கார் ஃபில்டரை எடுத்துவிடுங்கள்: உள்ளே மடித்த காகிதம் இருக்கும் ஃபில்டர், பம்ப் தள்ளும் பெட்ரோலுக்காகச் செய்தது. தன் எடையில் இறங்கும் பெட்ரோலுக்கு அது வீண் தடை. ஓஸில் ஒன்று வேண்டுமென்றால் மெல்லிய வலை உள்ள, இருசக்கர வண்டிக்கான சின்ன ஃபில்டரைப் போடலாம். அது பாதி காலியாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். மேல்பகுதியில் காற்றுக் குமிழ் நிற்பது சகஜம், பெட்ரோல் அதன் அடியில் ஓடிக்கொண்டிருக்கும். ஓஸ் மேலேறி வளைந்து இறங்கும்படி நீளமாக இருந்தால் மட்டும் அந்த வளைவில் காற்று அடைத்து ஓட்டத்தை நிறுத்தும். ஓஸைச் சரியான நீளத்துக்கு வெட்டி, சிலிண்டர் தகடுகளைத் தொடாமல், முழுவதும் இறக்கமாகப் போக வையுங்கள்.

இதெல்லாம் சரி, குப்பியில் பெட்ரோல் கொட்டுகிறது, ஆனாலும் வண்டி நிற்கிறது என்றால் கார்புரேட்டர் கிண்ணத்தைப் பார்க்க வேண்டும். ஃப்ளோட் ஊசியின் கூர்முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முனையைச் சுற்றி மோதிரம்போல ஒரு தேய்மானக் கோடு தெரிந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. துருத்தூள் ஒட்டியிருந்தால் பளபளப்பில்லாமல் பழுப்புப் புள்ளியாகத் தெரியும். ஊசி மேலே ஒட்டிக்கொண்டால் பட்டினி, மேலே ஏறாமல் நின்றால் வெள்ளம். உங்கள் வெயில் சொட்டுதலுக்கு இதுவும் கூட்டுக் காரணமாக இருக்கலாம், சல்லடை இல்லாமல் சில மாதம் ஓடியிருக்கிறதே.

பெட்ரோல் பிரச்சினையா, மின்சாரப் பிரச்சினையா என்ற சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். பிளக்குக்கு மின்பொறி தரும் காயிலோ கண்டன்சரோ சூடேறிக் கெட்டாலும் வண்டி நின்று, ஆறிய பின் கிளம்பும். ஆனால் நிற்கும் விதம் வேறு. மின்சாரம் போனால் சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று அடங்கும், அல்லது சைலன்சரில் வெடிக்கும். பெட்ரோல் போதாமல் நின்றால் இழுவை முதலில் தளரும், ஆக்சிலரேட்டரைக் குறைத்தால் கொஞ்சம் தெம்பு வரும், சோக் போட்டால் சில நூறு மீட்டர் கூடுதலாக ஓடும். நின்றதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், காய்ந்து வெளுத்திருந்தால் பட்டினி. நீங்கள் “இழுவை குறைந்து, இருமி” என்று எழுதியிருப்பது என்னை மூடியின் பக்கமே தள்ளுகிறது.

மாமா சொல்லும் எத்தனால்

மாமா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் விற்பனைக்கு வந்து, இப்போது பெரும்பாலான பங்க்குகளில் அதுதான் கிடைக்கிறது. 1989-இல் இந்த வண்டியைச் செய்தவர்கள் அதை நினைத்துப் பார்த்திருக்க முடியாது. எத்தனால் பழைய ரப்பரை உப்பவோ விறைக்கவோ செய்யும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் மிகுந்தால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். டேங்கில் படிந்த பழைய பிசினைக் கரைத்துக் கீழே அனுப்பும். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு வெப்ப ஆற்றல் குறைவு, அதனால் கொஞ்சம் மைலேஜ் இறங்கும், கலவையும் சற்று மெலிந்து, அதாவது காற்று மிகுந்து, ஓடும்.

ஆனால் உங்கள் டேங்க் நிறைந்திருக்கிறதா, கால் பங்கு இருக்கிறதா என்று எத்தனாலுக்குத் தெரியாது. நிறைந்தால் நிற்கும், குறைந்தால் ஓடும் என்ற குணம் அதற்கு இல்லை. ஆகவே இந்தக் கோளாறுக்காக வண்டியை விற்க வேண்டாம். எத்தனாலைத் தாங்கும் ஓஸ், டேப் வாஷர், ஃப்ளோட் கிண்ண வாஷர் ஆகியவற்றை மாற்றுங்கள். கார்புரேட்டரில் ஃப்ளோட் ஊசி தவிர, கலவையை அளக்கும் ஜெட் ஊசி ஒன்றும் உண்டு; அதன் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து கலவை சற்றுச் செழிக்கும். ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் டேப்பை மூடிவிட்டுக் கிண்ணத்துப் பெட்ரோல் தீரும் வரை இன்ஜினை ஓடவிட்டு நிறுத்துங்கள். இவை போதும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் பாயும் பொடித் துளையான மெயின் ஜெட்டைத் துளைத்துப் பெரிதாக்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பங்க் மீது சந்தேகம் வந்தால் பங்க் மாறுவதைவிடக் கேட்டுச் சோதிப்பது மேல். ஃபில்டர் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கவும், 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் அளந்து காட்டச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல பெட்ரோல் தாளில் கறை விடாமல் பறந்துவிடும்.

பம்ப், ஆசிட், வெல்டிங்

மின்சாரப் பம்ப் வேண்டவே வேண்டாம். உங்கள் ஃப்ளோட் ஊசி ஒரு சாண் உயரப் பெட்ரோலின் எடையை நிறுத்தும் அளவுக்குச் செய்யப்பட்டது. சாதாரணப் பம்ப் அதைப்போல் பல மடங்கு அழுத்தம் கொடுக்கும். ஊசியைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழியும், சூடான இன்ஜினின் மேல்.

டேங்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். லேசான பழுப்புப் படலம் மட்டும் என்றால், டேங்கைக் கழற்றிப் பெட்ரோல் விட்டு இரண்டு மூன்று முறை குலுக்கிக் கொட்டி, டேப் சல்லடையைப் போட்டு, எப்போதும் நிறைய வைத்திருந்தால் போதும். செதில் செதிலாக உதிர்ந்தால் துருநீக்கி தேவைப்படும். அதைச் செய்பவரிடம் டேங்கின் வெளிப்பக்கத்தை முழுவதும் மூடச் சொல்லுங்கள், ஆசிட் ஒரு துளி வழிந்தாலும் டேங்கின் மேல் இருக்கும் அந்தத் தங்கக் கோடு போய்விடும். அது கையால் இழுத்த கோடு. ஓரத்தில் தூரிகை எடுத்த இடத்தில் சற்றுத் தடித்திருப்பதை நீங்களே பார்க்கலாம். கழுவிய பின் சோடா உப்புத் தண்ணீரால் ஆசிட்டை முறித்து, உடனே உலர்த்தி, உள்ளே கொஞ்சம் ஆயில் சுற்றிவிடாவிட்டால் மறுநாளே மீண்டும் துரு பூக்கும். உள்பூச்சை நான் பரிந்துரைப்பதில்லை. டேங்க் ஒழுகாத வரை அது தேவையில்லை. சரியாகப் பிடிக்காத பூச்சு எத்தனாலில் உரிந்து டேப்பை அடைத்த டேங்குகளைச் சுரண்டி எடுப்பது எனக்கு அலுத்துப்போன வேலை.

ஒழுகினால்? பெட்ரோல் வடித்துவிட்டேன் என்று சொல்லி வெல்டிங் பட்டறைக்குக் கொண்டு போகாதீர்கள். காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். டேங்கை நீராவியோ தண்ணீரோ கொண்டு முழுமையாகச் சுத்தம் செய்து, அந்த வேலையில் பழகியவர் மட்டுமே வெல்டிங் செய்ய வேண்டும்.

பட்டறையில் விட்டு வந்த கார்புரேட்டர்

கழற்றிய பழைய கார்புரேட்டரைத் திருப்பித் தரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டு வாங்குங்கள். அது உங்கள் பொருள். 1989 புல்லட்டில் இருந்திருக்கக்கூடிய மிக்கார்ப் கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, ஊசியும் வாஷரும் மாற்றினால், இப்போது மாட்டியிருக்கும் போலியைவிட நன்றாக ஓடும். முதலில் நேரில் போய்ப் பொறுமையாகக் கேளுங்கள். பலன் இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். பில், கொடுத்த தொகை, மாற்றிய பாகங்களின் படம் மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. ஆனால் தவறான கணிப்புக்கும் மோசடிக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. கார்புரேட்டர் திரும்பக் கிடைத்தால் அதோடு விட்டுவிடுவதே என் யோசனை.

திம்பமும் ‘விண்டேஜ்’ நம்பரும்

27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள, யானை குறுக்கிடும், இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கும் மலைப்பாதை அது. நிறைந்த டேங்கோடு சமவெளியில் நாற்பது கிலோமீட்டர் நிற்காமல் ஓடிய பிறகு, காலை வெளிச்சத்தில் கிளம்புங்கள். இன்ஜின் மெலிந்த கலவையில் ஏற்றம் ஏறினால் அளவுக்கு மீறிச் சூடேறும். இருமல் தொடங்கினால் ஆக்சிலரேட்டரைத் திருகிச் சமாளிக்காமல் நிறுத்துங்கள்.

‘விண்டேஜ்’ என்று நாம் பழைய வண்டி எல்லாவற்றையும் சொல்கிறோம். 2021-இல் திருத்திய மத்திய மோட்டார் வாகன விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்தால்தான் அந்தப் பெயர். உங்கள் புல்லட்டுக்கு அது 2039. மேலும், அந்தப் பதிவு பெற்றால் வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலைக்கு எடுக்கலாம். பள்ளிக்குப் போய்வர நினைக்கும் உங்களுக்கு அது பயன்படாது.

அதைவிட அவசரமான ஒன்றைக் கடிதத்தில் நீங்கள் தொடவே இல்லை. 1989-இல் பதிவான வண்டியின் முதல் ஆர்.சி. (பதிவுச் சான்று) 15 ஆண்டுக்கு, அதாவது 2004 வரை. அதன்பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்தால் 2024-இல் மீண்டும் முடிகிறது. வண்டி சாளையில் நின்றதும் ஏறத்தாழ அந்தக் காலம்தான். ஆர்.சி.யை எடுத்துத் தேதியைப் பாருங்கள். அப்புச்சி பெயரிலேயே இருந்தால் பெயர் மாற்றமும் பாக்கி. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. கெடு தாண்டிவிட்டது என்பதற்காகப் போகாமல் இருக்காதீர்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு கோபி அலுவலகத்தில் கேளுங்கள். மாமாவின் கையெழுத்தும் தேவைப்படும், ஆகையால் வண்டியை விற்கும் பேச்சை அவரோடு முதலிலேயே முடித்துவிடுங்கள். காப்பீடும் உங்கள் பெயருக்கு மாறும் வரை வண்டியை வீட்டு வாசலைத் தாண்டி எடுக்க வேண்டாம். குப்பிச் சோதனையை வாசலிலேயே செய்துகொள்ளலாம்; ஓட்டிப் பார்க்கும் சோதனைகள் அதன் பிறகு.